பெருவிரலுக்குக் கீழே ஒரு குழி

1.

முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்தக் கதை என்னுடையது அல்ல. கெய்ர்ன்ஸ் நகருக்குப் போன கார் மட்டும்தான் என்னுடையது. நெரிடா ஸப்பாலாவுக்கு வலது மணிக்கட்டு மடங்காது. கொட்டும் மழையில் நெடுஞ்சாலையில் அவ்வளவு தூரம் ஓட்ட அவருக்குத் துணிவில்லை. பக்கத்து வீட்டுக்காரன் என்ற முறையில் நான் ஓட்டினேன். போகும்போது ஒரு வார்த்தை பேசாதவர் திரும்பும்போது வாயை மூடவே இல்லை. இதையெல்லாம் எழுதட்டுமா என்று கேட்டேன்.

“எழுதிக்கோ, எழுத்தாளரே. ஆனா என்னை அழுமூஞ்சியா ஆக்கினே, வேலியத் தாண்டி வந்து உதைப்பேன்.”

தாண்டக்கூடியவர்தான். ஆகவே எச்சரிக்கையாகத் தொடங்குகிறேன்.

2.

முதல் தொடக்கம்: “வானம் கறுத்திருந்தது. வாழைக் கொட்டகையின் ஈரத் தரையில் விதி அன்று—”

இல்லை. விதி எங்கே வந்தது? தண்ணீர்த் தொட்டி ஒழுகியது, அவ்வளவுதான்.

இரண்டாம் தொடக்கம்: “உழைத்து உழைத்துத் தேய்ந்த ஒரு பெண்ணின் கை—”

இதிலும் அழுமூஞ்சி எட்டிப் பார்க்கிறது. விடுகிறேன். நடந்ததை நடந்தபடியே சொல்வது மேல்.

வாழைக்காயைக் கழுவிப் பெட்டியில் அடுக்கும் கொட்டகையில், தாரிலிருந்து சீப்புகளை அறுத்துத் தொட்டித் தண்ணீரில் விடுவது நெரிடாவின் வேலை. தொட்டி மூலையில் கசிகிறது, தரையில் வாழைப்பாலும் சேர்ந்து வழுக்குகிறது என்று கொட்டகை முதலாளி கிளெமிடம் எல்லாரும் சொல்லிவிட்டார்கள். “இந்த வாரம் பண்ணிடலாம்” என்று கிளெமும் வாராவாரம் சொல்லிக்கொண்டிருந்தார். ஒரு காலையில் நெரிடாவுக்குக் கால் வழுக்கியது. கத்தியைத் தூர எறிந்தார். வலது உள்ளங்கையை ஊன்றி விழுந்தார்.

மருத்துவமனையில் ஹாமிஷ் லீத் என்ற இளம் டாக்டர் பார்த்தார். எக்ஸ்ரே எடுத்தார். அதில் ஒன்றும் தெரியவில்லை. சுளுக்கு என்று சொல்லி, துணிப்பட்டை சுற்றி அனுப்பினார். நெரிடா வேலைக்குத் திரும்பினார். வலித்தது, சுளுக்குதானே என்று பல்லைக் கடித்துக்கொண்டார். பல மாதம் கழித்து வேறொரு டாக்டர் படம் எடுத்தபோது, மணிக்கட்டின் சின்ன எலும்பு ஒன்று இரண்டாக உடைந்து, ஒரு பாதி ரத்த ஓட்டமில்லாமல் செத்தே போயிருந்தது. இரண்டு அறுவைச் சிகிச்சைகள். கடைசியில் மணிக்கட்டை அசையாதபடி இணைத்துவிட்டார்கள். சீப்பு அறுக்கும் கத்தியை அந்தக் கை இனிப் பிடிக்காது.

(அந்த எலும்பு உடைந்தால் முதல் படத்தில் பல நேரம் தெரியாதாம். அதனால்தான் விரலால் அழுத்திப் பார்க்க வேண்டும். வலித்தால், படம் என்ன சொன்னாலும், கட்டுப்போட்டு மறுபடி வரச் சொல்ல வேண்டும். இதை நானும் நெரிடாவும் தெரிந்துகொண்டது வெகு தாமதமாக.)

3.

வழக்கு என்று வந்ததும் வேடிக்கை தொடங்கியது. கொட்டகையின் காப்பீட்டுக்காரர்கள் சொன்னார்கள்: “விழுந்தது எங்களிடம்தான், ஆனால் கையைக் கெடுத்தது மருத்துவமனை.” மருத்துவமனை சொன்னது: “கையை உடைத்து அனுப்பியதே நீங்கள்தானே?” இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் கையைத் தள்ளிவிட்டுக்கொண்டே இருந்தார்கள். கை மட்டும் நெரிடாவிடமே இருந்தது.

நீதிமன்றத்துக்குப் போகும் முன் கெய்ர்ன்ஸில் ஒரு சமரசக் கூட்டம். மூன்று தரப்புக்கும் மூன்று அறைகள். நடுவர் ஒரு வயதான வழக்கறிஞர், அறைக்கு அறை நடந்துகொண்டிருந்தார். மத்தியானத்துக்கு முன்பே நெரிடாவின் வக்கீல் ரோவீனா முகமெல்லாம் சிரிப்பாக வந்தார்.

“ரெண்டு பேருமே இறங்கி வந்துட்டாங்க. நல்ல முடிவு, நெரிடா. கையெழுத்துப் போட்டா முடிஞ்சுது.”

“அந்த டாக்டர் பையன் வந்திருக்கானா?”

“அவரு வரமாட்டாரு. ஆஸ்பத்திரிக்காக வக்கீல் வந்திருக்காங்க.”

“அப்ப நான் போடமாட்டேன்.”

“கோர்ட்டுக்குப் போனா வருஷக்கணக்கா இழுக்கும். தோத்தாலும் தோப்போம். நான் சொல்றது கேக்குதா?”

“காது நல்லாத்தான் இருக்கு, ரோவீனா. கைதான் போச்சு.”

 இது கை நழுவினால் இன்னொரு முறை இந்த மலையை ஏறத் தெம்பில்லை என்று நெரிடாவுக்குத் தெரியும். ஆனாலும் உட்கார்ந்தே இருந்தார். டாக்டரை வரவழைக்க மருத்துவமனை வக்கீல் முதலில் மறுத்தார். டாக்டர் வாய் திறந்தால் குற்றத்தை ஒப்புக்கொண்டதாகிவிடுமே என்று. மன்னிப்புக் கேட்பது ஒப்புதல் ஆகாது என்று இந்த மாநிலச் சட்டமே சொல்கிறது என்றார் ரோவீனா. நடுவர் தொப்பையைத் தடவிக்கொண்டு யோசித்தார். “அவரு இப்ப இதே ஊர்லதானே வேலை பாக்கிறாரு? கூப்பிட்டுத்தான் பாப்போமே.”

4.

இங்கே எனக்கு ஹாமிஷ் மேல் சந்தேகம் வந்துவிட்டது. என் முதல் பிரதியில் அவருக்குத் தங்கக் கடிகாரம் போட்டிருந்தேன். ஒரு புருவத்தைத் தூக்கியும் வைத்திருந்தேன். தமிழில் எழுதியதை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்துச் சொல்லச் சொல்ல நெரிடா விழுந்து விழுந்து சிரித்தார்.

“கடிகாரமா? நீ அந்த ரூமுக்குள்ளயே இல்லையேப்பா! வேர்த்து ஊத்திட்டு நின்னான். சட்டையில மதியச் சாப்பாட்டுக் கறை.”

(உண்மை. நான் வாசலில் பழைய மீன்பிடிப் பத்திரிகை படித்துக்கொண்டிருந்தேன். இனி வருவது அவர் சொன்னது. கறை மட்டும் என்ன குழம்பு என்று அவருக்கும் தெரியாது.)

குளிக்கும்போதெல்லாம் ஒத்திகை பார்த்துவைத்த வசவு ஒன்று நெரிடாவிடம் இருந்தது. ஹாமிஷ் கதவைத் திறந்ததும் அதன் முதல் வரி மறந்துபோனது. முதல் வரி இல்லாமல் இரண்டாவது வரவில்லை.

“மிஸஸ் ஸப்பாலா,” என்றார் ஹாமிஷ். “பெருவிரல் பக்கம் வலிக்குதுன்னு நீங்க அன்னிக்கு சொன்னீங்க. நான் படத்தைப் பாத்தேன். உங்க கையைப் பாக்கல. என் தப்பு. மன்னிச்சிடுங்க.”

 நெரிடா மேசைமேல் வலது கையை நீட்டினார்.

“என்ன பண்ணியிருக்கணும்? இப்பப் பண்ணு.”

“இது வேண்டாமே—” என்று மருத்துவமனை வக்கீல் பாதி எழுந்தார்.

“நீங்க உக்காருங்கம்மா. என் கை இது.”

ஹாமிஷ் எதிரே உட்கார்ந்து அந்தக் கையை எடுத்தார். பெருவிரலை விரித்தால் அதன் அடியில், மணிக்கட்டோரமாக, ஒரு சின்னக் குழி விழுமே, அந்தக் காலத்தில் மூக்குப்பொடியை வைத்து உறிஞ்சுவார்களே, அந்த இடம். தழும்புக்குப் பக்கத்தில் அதைத் தேடிக் கண்டுபிடித்து மெல்ல அழுத்தினார்.

“இங்க. இவ்ளோதான். ஒரு நிமிஷம்கூட ஆகாது. இப்ப வலிக்குதா?”

“இப்ப என்னத்த வலிக்கும்? அன்னிக்கு அழுத்தியிருந்தீன்னா நான் போட்ட சத்தத்துல ஆஸ்பத்திரிக் கூரையே பறந்திருக்கும்.”

யார் முதலில் சிரித்தது என்பதில் சாட்சியங்கள் முரண்படுகின்றன. நடுவர் என்கிறார் நெரிடா. நெரிடாதான் என்று ரோவீனா பிறகு என்னிடம் சொன்னார். ஹாமிஷ் சிரிக்கவில்லை, கையை விடாமல் பிடித்திருந்தார், கண் கலங்கியிருந்தது. “போதும் தம்பி, போ, உனக்கு வேலை இருக்கும்” என்று அனுப்பிவைத்தது நெரிடாதான்.

அப்புறம் இடது கையால் கையெழுத்துப் போட்டார்.

5.

வந்த முடிவுகளும் போன முடிவுகளும்:

ஹாமிஷ் மனம் உடைந்து மருத்துவத்தையே விட்டுவிட்டார். (பொய். நன்றாகவே வேலை பார்க்கிறார்.)

நெரிடா அவரைச் சொந்த மகனாக— (இதை எழுதினால் நிச்சயம் உதை.)

எவ்வளவு கிடைத்தது என்று கேட்கிறவர்களுக்கு: வெளியே சொல்வதில்லை என்று அவர் கையெழுத்திட்டிருக்கிறார், நானும் கேட்கவில்லை. திரும்பும் வழியில் பபிண்டா என்ற ஊரில் நிறுத்தச் சொன்னார். மழையைப் பார்த்துக்கொண்டே, இறைச்சியை மாவுக்குள் அடைத்துச் சுட்ட ‘பை’ ஒன்றை இடது கையால் தின்றார். பாதிச் சாறு சட்டையில். “ரொம்ப நாளைக்கப்புறம் பசிச்சுத் திங்கிறேன்யா” என்றார்.

கிளெமின் கொட்டகையில் இப்போது புதுத் தொட்டி. தரையெங்கும் ரப்பர் விரிப்பு. நெரிடா அங்கேதான் இருக்கிறார். டோங்கா, வனுவாட்டு தீவுகளிலிருந்து வரும் புது ஆட்களுக்கு வேலை சொல்லிக்கொடுக்கிறார். முதல் நாள் பாடம்: “விழுந்தா வீரமா எழுந்திருக்காதே. கிடந்த இடத்துலயே கத்து.”

6.

போன வாரம் ஹாமிஷ் போன் செய்தாராம். புதிதாகச் சேர்ந்த டாக்டர்களுக்கு வியாழக்கிழமை வகுப்பு எடுக்கிறார். நெரிடா வந்து நடந்ததைச் சொல்ல முடியுமா என்று கேட்டார். யோசித்துச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டாராம்.

“உன் கதையில நான் போறேனா?” என்றார் என்னிடம்.

“நீங்கதான் சொல்லணும்.”

“கதையில போயிட்டா நெசத்துல போக வேண்டியதில்ல, அப்படித்தானே?”

இரண்டையும் எழுதிப் பார்த்தேன். ஒன்றில் போகிறார், கொடுத்த நேரத்தைத் தாண்டிப் பேசுகிறார், நிறுத்தச் சொல்ல ஒருவருக்கும் துணிவில்லை. இன்னொன்றில் போகவில்லை, ஆற்றங்கரையில் தூண்டிலைப் போட்டுவிட்டு, ஒரு மீனும் சிக்காமல், பொழுது சாயும்வரை உட்கார்ந்திருக்கிறார். எனக்கு இரண்டுமே பிடித்திருக்கிறது. எதை வேண்டுமானாலும் நீங்கள் எடுத்துக்கொள்ளலாம். ஒரே ஒரு வேண்டுகோள்: ஆற்றங்கரையைத் தேர்ந்தெடுத்தால், தயவுசெய்து அவர் முகத்தில் சோகம் எதையும் வைத்துவிடாதீர்கள். உதை விழப்போவது எனக்கு.