அலுமாரிக் கதவில் கடல்

முரசுமோட்டையில் இளையதம்பி மன்னிப்புக் கேட்டதைக் கண்டவர் ஒருவருமில்லை. தெருவில் அவரை இடித்த எருமை மாடே தலைகுனிந்து நின்றதாம். அவர் அதன் முகத்தையும் பார்க்கவில்லை. எல்லாம் ஒரு கவிதையால் வந்தது. போர் முடிந்து ஊரில் மீளக்குடியமர்ந்த வருடம் அவர் வாங்கிய வடையைச் சுற்றியிருந்த கொப்பித் தாளில் யாரோ பள்ளிப்பிள்ளை எழுதியிருந்தது:

'கடல் எவரிடமும் மன்னிப்புக் கேட்பதில்லை.
கப்பலை உடைத்தாலும் கேட்பதில்லை.'

வாய்க்கால் தண்ணீரைத் தவிர வேறு தண்ணீர் அறியாத மனிதர் வடை ஆறுவதற்குள் கடலாகிவிட்டார். மனைவி ஞானேஸ்வரியைக் கொண்டு தாளை அவளுடைய அலுமாரிக் கதவின் உட்புறம் ஒட்டுவித்தார்.

போன கிழமை அந்தக் கடல் மோட்டார்சைக்கிளில் வந்து, ஞானேஸ்வரி முற்றத்தில் காயப்போட்டிருந்த மோர்மிளகாய்ச் சுளகின் மேல் ஏறியது. எழுந்த தும்மலில் அயலில் மூன்று வேலி சாய்ந்தது. இளையதம்பி சொன்னது இவ்வளவுதான்:

"சுளகை ஆர் வழியிலை வைச்சது?"

"மன்னிப்பெண்ட சொல் உங்கடை வாயாலை வந்தால்தான் இனி இந்த முத்தம் மிதிப்பன்" என்று சொல்லிவிட்டு, உழவு இயந்திரம் பிடித்து அலுமாரியையும் ஏற்றிக்கொண்டு அவள் பளையிலிருக்கும் தங்கை விமலேஸ்வரியிடம் போய்விட்டாள்.

ஆறு நாள் பாணும் சம்பலும் தின்று, ஏழாம் நாள் இளையதம்பி மோட்டார்சைக்கிளில் பளைக்குப் போனார். வேலிப் படலையில் விமலேஸ்வரி நின்றாள்.

"வாங்கோ அத்தான். கடலுக்குப் பசிக்குதோ?"

"உன்னோடை கதைக்க வரேல்லை. அவவைக் கூப்பிடு."

"மன்னிப்புக் கொண்டந்தனீங்களோ, வெறுங்கையோ?"

"என்ரை கொள்கை உனக்குத் தெரியும்."

"தெரியும். அலுமாரிக் கதவிலையிருந்து ஈரத்துணி போட்டு உரிச்செடுத்தும் வைச்சிருக்கிறன்."

வெளியே வந்த ஞானேஸ்வரியின் காலடியில் விமலேஸ்வரி அந்தத் தாளை வீசினாள். இளையதம்பி பதறிக் குனிந்தார். குனிந்த இடுப்பு பிடித்துக்கொண்டது, எழும்ப முடியவில்லை. தாள் மறுபக்கமாய்க் கிடந்தது. அங்கேயும் எழுத்து:

'ஆனால் நாள் முழுக்கக்
கறையின் காலில் வந்து வந்து விழுகிறது.'

"பிழை," என்றார் குனிந்தபடியே. "கரைக்கு வல்லின றகரம் போட்டிருக்கு."

"ஒட்டினது நான்தானே," என்றாள் ஞானேஸ்வரி. "ரண்டு பக்கமும் வாசிச்சுப்போட்டுத்தான் ஒட்டினனான்."

"அப்ப ஏன் இவ்வளவு காலமும் சொல்லேல்லை?"

"நீங்கள் எப்ப என்னட்டை ஒண்டைக் கேட்டனீங்கள்?"

"கடல் காலிலை விழுந்திட்டுது அக்கா," என்றாள் விமலேஸ்வரி. "சத்தம்தான் வரேல்லை."

இளையதம்பிக்குக் கழுத்து வரை சிவந்தது. "சுளகை... நான் பாக்கேல்லை."

"அது மன்னிப்பில்லை," என்றாள் ஞானேஸ்வரி. "கடல் ஒரு தரத்தோடை நிப்பாட்டிறேல்லை. நாளைக்கும் வாங்கோ." கதவைச் சாத்தினாள்.

இடுப்பைப் பிடித்தபடி மோட்டார்சைக்கிளில் ஏறி முடுக்கினார். வந்தபோது வெறுமையாயிருந்த படலை வழியில், இப்போது நட்டநடுவே ஒரு சுளகு மோர்மிளகாய். பக்கத்தில் விமலேஸ்வரி கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

இளையதம்பி இயந்திரத்தை நிறுத்தினார். இறங்கினார். வண்டியை வேலியோரமாய் உருட்டி, சுளகைச் சுற்றிக்கொண்டு போனார்.