மூன்று பேர் கடித்த மிளகாய்

சங்ககிரியில் லாரிகள் நிற்கும் இடத்தில் நாச்சிமுத்து பஜ்ஜிக் கடை வைத்திருந்தார். எழுபத்தெட்டாம் வருஷம் ஒரு சாயங்காலம் அவர் சைக்கிளை மிதித்துக்கொண்டு நேரே மயில்சாமியின் மிளகாய்க் காட்டுக்கு வந்தார்.

"என்னப்பா மிளகாய் குடுத்தே? ஒண்ணு வெள்ளரிப் பிஞ்சாட்டம் சப்புன்னு இருக்குது, இன்னொண்ணு நெருப்பு! டிரைவருங்க நாக்க நீட்டிக்கிட்டு குதிக்கறாங்க."

மயில்சாமி பக்கத்தில் நின்றவளைத் திரும்பிப் பார்த்தான். விதை எடுத்தவள் அவன் மனைவி வசந்தாமணி. அவள்தான் யோசித்துச் சொன்னாள்.

"போன வருஷம் பஜ்ஜி மிளகாய்க்குப் பக்கத்துலயே குண்டு மிளகாய் நட்டோமுங்க. தேனீ ரெண்டுலயும் உக்காந்து எந்திரிச்சிருக்கும். வெதையிலயே கலந்துபோச்சு. இனி செடிக்குச் செடி கடிச்சுத்தான் பாக்கோணும்."

கடித்தார்கள். மயில்சாமிக்கு முதல் செடியே கண்ணீரை வரவழைத்தது. அதைப் பார்த்துச் சிரித்த வசந்தாமணிக்கு அடுத்த செடியில் விக்கல் வந்தது. சண்டை போட வந்த நாச்சிமுத்துவும் ஒரு வரிசையைப் பிடித்துக்கொண்டார். உறைக்கும் செடிகளில் அடையாளத்துக்குப் பழைய வேட்டிக் கிழிசலைக் கட்டிக்கொண்டே போனார்கள். மோர்ப்பானை காலியாகிவிட்டது.

"சிரிக்க வெக்காதம்மா, சிரிச்சா இன்னும் எரியுது!" என்று மூக்கைத் துடைத்தபடி நாச்சிமுத்து வரப்பில் உட்கார்ந்துவிட்டார்.

வாய்க்கால் ஓரத்தில் ஒரு செடி, காய்களின் பாரம் தாங்காமல் கிளைகளைத் தரையில் பரப்பியிருந்தது. நீளக் காய் ஒன்றைப் பறித்து ஆளுக்கு ஒரு துண்டு கடித்தார்கள். உறைப்பு மெல்ல ஏறி, இதமாக நின்றது.

"இதுதான்!" என்று நாச்சிமுத்து கத்தினார்.

மறுபடி தேனீ கலக்காமலிருக்க, புதிதாகப் பூக்குமுன் வசந்தாமணி அந்தச் செடிக்குக் கொசுவலை கட்டினாள். "செடியக் கொசு கடிக்குதாக்கும்?" என்று மயில்சாமி கேலி செய்தான்.

அடுத்த வருஷம் அந்த விதையை விதைத்தபோது, எல்லாச் செடியும் தாய்ச்செடி மாதிரி வரவில்லை. மயில்சாமி தலையில் கை வைத்துக்கொண்டான். வசந்தாமணியோ வரிசைக்கு வரிசை ஓடினாள்.

"ஏனுங்க, இங்க வாங்க! இது மேல மானத்தப் பாத்துக் காய்ச்சிருக்குது! இது கொம்பாட்டம் வளைஞ்சிருக்குது! அய்யோ, இதப் பாருங்க!"

அந்தச் செடியில் இலையைவிடக் காய்தான் கண்ணுக்குத் தெரிந்தது. போன வருஷத்துச் செடியெல்லாம் இதன் முன்னே ஒன்றுமில்லை. அவள் ஒரு காயைப் பாதி கடித்துவிட்டு மீதியை நீட்டினாள். அவன் கண்ணை மூடிக்கொண்டு வாயைத் திறந்தான்.

மென்றான். அதே இதம்.

"இதுலயே இன்னும் சில வருஷம் பொறுக்கி எடுத்தா, எல்லாம் ஒண்ணுபோல வந்துருமுங்க," என்று அவள் சொல்லிக்கொண்டிருக்கும்போதே, மயில்சாமி அவளை அலேக்காகத் தூக்கிச் சுற்றினான். பக்கத்துக் காட்டில் களை எடுத்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள்.

"எறக்கி உடுங்க, சனம் பாக்குது!"

"பாக்கட்டும் புள்ள!"