பழைய தும்பிக்கை ஒன்று, ஓட்டை இல்லாமல்

தேக்காவில் ஒரு பொருளையும் வாங்கிக்கொண்டு, அதன் விலையையும் கடைக்காரரிடமிருந்தே வாங்கிக்கொண்டு வந்த ஒரே மனுஷி இந்தச் சிங்கப்பூரில் வசந்தகுமாரிதான். வெள்ளிக்கிழமை காலை ஒன்பது மணிக்குப் பாசிர் ரிஸ் அடுக்குமாடி புளோக்கின் கீழ்த்தளத்தில், கோப்பியும் கையுமாக உட்கார்ந்திருந்த ஆறு பெண்களின் நடுவே அவளே அப்படி அறிவித்தாள்.

"முப்பது வெள்ளி! பைப்பையும் குடுத்து, கையில முப்பது வெள்ளியும் வச்சு, வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பினாரு ஸைஃப் பாய்."

ஐந்து பேர் சிரித்தார்கள். ஆறாவது ஆளான ரஞ்சிதம் சிரிக்கவில்லை.

"ஸைஃப் பாயா? அவரு கடையில தும்மினாக்கூட அதுக்கு ஒரு விலை சொல்வாரு. உனக்குப் பணம் குடுத்தாராக்கும்! போடி."

நம்பாததில் ரஞ்சிதத்தின் குற்றம் ஒன்றுமில்லை. வசந்தா சொல்லும் கணக்குப்படி அவள் சாங்கி விமான நிலையத்தில் முப்பத்தொரு வருடம் உள்ளே புகுந்து சுத்தம் செய்த விமானங்களை வரிசையாக நிறுத்தினால், வால் ஜோகூரைத் தாண்டிக் குவாந்தானில் போய் நிற்கும். ஒருமுறை இருக்கை இடுக்கிலிருந்து வேக்கும் கிளீனரால் ஒரு முழுப் பல்செட்டை உறிஞ்சி எடுத்து, விமானம் கிளம்புவதற்குள் உரியவர் வாயிலேயே மாட்டிவிட்டதாகவும் சொல்வாள். அப்படிப்பட்டவள் முப்பது வெள்ளி என்றால் யார் நம்புவார்கள்?

ஆனால் இந்த முறை நம்ப வைத்தே ஆக வேண்டியிருந்தது. காரணம், ஒரே ஒரு ப்ளக் பாயிண்ட்.

ஞாயிற்றுக்கிழமை அதே கீழ்த்தளத்தில் பழைய மின்சாதனக் காட்சி. ஏற்பாடு செய்பவள் அந்தக் கோப்பிக் கூட்டத்துச் சுசீலா. வேக்கும் கிளீனருக்கு ஒரு மேசை, ஒரு ப்ளக், ஓர் இடம்தான். ரஞ்சிதத்திடம் ஹார்ட்லிங் கம்பெனியின் வேக்கும் கிளீனர் ஒன்று இருந்தது. அறுபத்தாறாம் ஆண்டில் செய்தது, தரையோடு தவழும் சாம்பல் நிற உருளை. வசந்தாவிடமும் ஒரு ஹார்ட்லிங் இருந்தது. அதே ஆண்டு, அதே சாம்பல். இரண்டையும் ஒரே வீட்டைக் காலி செய்த இடத்தில் ஒரே நாளில் வாங்கினார்கள். வயிற்றில் பொறித்த எண்ணில்கூட ஒன்றுதான் வித்தியாசம், அந்த ஒன்றும் ரஞ்சிதத்துக்குத்தான் முன்னால். அவளுடையது குழாயோடு வந்தது, போட்டால் சிங்கம்போல் உறுமியது. வசந்தாவுடையது குழாய் இல்லாமல் மூளியாக வந்தது. ஓடாததைக் காட்சிக்கு வைக்க மாட்டேன் என்று சுசீலா முதலிலேயே சொல்லிவிட்டாள்.

இந்தப் பொறாமைக்கு வயது அதிகம். விமானம் சுத்தம் செய்யும் வேலைக்கு இருவரும் ஒன்றாகத்தான் சேர்ந்தார்கள். ரஞ்சிதம் மூன்று மாதம் முந்திச் சூப்பர்வைசர் ஆனாள். அந்த மூன்று மாதத்தை வசந்தா இன்னும் தின்று முடிக்கவில்லை. ரஞ்சிதம் புது விளக்கு போட்டால் இவள் வீட்டில் வெளிச்சம் குறையும். ரஞ்சிதத்துக்கு முட்டி வலி வந்தபோதுகூட, தன் முட்டிக்கு மட்டும் அந்த மருத்துவர் கிடைக்கவில்லையே என்று இரண்டு நாள் சோறு இறங்காமல் இருந்தவள் இவள்.

இத்தனைக்கும் இருவர் பேசுவதும் ஒரே பாஷை. அந்தக் காலத்தில் அங்கே இருந்த பன்னிரண்டு தமிழ்ப் பெண்கள் கூட்டம் விமானத்துக்குள் வேக்கும் கிளீனரை யானை என்றுதான் சொல்லும். தூசிப் பை, வயிறு. மின்கம்பி, வால். குழாய், தும்பிக்கை. "தும்பிக்கை அடைச்சுக்கிச்சுடி, குச்சி கொண்டா" என்றால் உலகத்தில் அந்தப் பன்னிரண்டு பெண்களுக்கு மட்டும் புரியும்.

ஹார்ட்லிங்கின் தும்பிக்கைக்காக வசந்தா ஏறி இறங்காத இடமில்லை. புதுக் குழாய் இருபத்தைந்து வெள்ளிக்குக் கிடைக்கும், ஆனால் இயந்திரத்தின் வாயில் மாட்டினால் நிற்காது. பழையதன் கழுத்து வளையத்தில் இரண்டு காதுகள் உண்டு, அவை உள்ளே போய்த் திரும்பிப் பூட்டிக்கொள்ள வேண்டும். ஜெர்மனியில் ஒருவன் இணையத்தில் எழுபது வெள்ளிக்கு விற்றான். அதை அனுப்ப நூற்றுப் பத்து வெள்ளி கேட்டான். "அந்தக் காசுக்கு நானே போய் இழுத்துட்டு வருவேன்" என்று இவள் பதில் எழுத, அவன் விளம்பரத்தையே எடுத்துவிட்டான்.

கடைசியில் தேக்காவில் ஒரு மாடிக் கடையில் அகப்பட்டது. பழைய மின்விசிறி, பழைய தையல் இயந்திரம், பழைய வேக்கும் கிளீனர் எல்லாவற்றின் உறுப்பும் அங்கே தொங்கும். முன்னால் ஸைஃப் பாய். பின்னால் அவர் மனைவி கதீஜா, துணி தைத்துக்கொண்டு. வசந்தா குழாயின் ஒரு முனையை உள்ளங்கையால் அடைத்து, மறுமுனையில் வாயை வைத்து நாதஸ்வரம்போல் ஊதிப் பார்த்தாள். எங்கேயும் காற்று கசியவில்லை. காது இரண்டும் முழுசாக இருந்தன.

"எவ்வளவு பாய்?"

ஸைஃப் பாய் எதிலும் விலைச்சீட்டு ஒட்டுவதில்லை. கேட்பவர் முகத்தைப் பார்த்துத்தான் விலை. "நாப்பத்தஞ்சு."

முப்பதுக்குக் கேட்டுவிட்டு, நாளைக்கு இறங்கி வருவார் என்று வந்தாள். மறுநாள் அது எழுபது.

"நேத்து நாப்பத்தஞ்சுதானே சொன்னீங்க?"

"நேத்து நீங்க மட்டும்தானே கேட்டீங்க. சாயந்தரம் நம்ம பழைய வாடிக்கை அக்கா ஒருத்தங்க வந்து ஊதிப் பாத்தாங்க லா. மூக்குத்தி போட்டவங்க."

ரஞ்சிதம்! வீட்டில் முழுத் தும்பிக்கையை வைத்துக்கொண்டு எதற்கு இன்னொன்று? இவளுக்குக் கிடைக்கக் கூடாது என்பதற்குத்தான். வசந்தாவின் வயிற்றில் மூண்ட தீயில் அன்று தேக்கா முழுவதற்கும் பரோட்டா போட்டிருக்கலாம். புதன்கிழமை விலை நூற்று நாற்பது.

அன்று சாயங்காலம் வீட்டுக்கு வந்து, ஆத்திரத்தில் ஒவ்வோர் எழுத்தாகத் தேடித் தட்டப் பொறுமை இல்லாமல், பேசினால் எழுதிக்கொடுக்கும் பொத்தானை அழுத்திக் கைப்பேசியிடம் கொட்டித் தீர்த்தாள்:

"ஸைஃப் பாய், ரஞ்சிதம் பேரைச் சொல்லி என்னை வதைக்காதீங்க. அவகிட்ட தும்பிக்கை இருக்கு. எனக்குத் தும்பிக்கை இல்லை. தும்பிக்கை இல்லாம எத்தனை நாள் இருக்கிறது? நாளைக்கு எல்லாத்தையும் முடிச்சுடறேன்."

கண்ணாடியைத் தேடாமல் அனுப்பியும் விட்டாள்.

வியாழன் காலை மாடி ஏறியபோது கடையின் காற்றே மாறியிருந்தது. எந்நாளும் தையலிலிருந்து தலை தூக்காத கதீஜா ஓடி வந்து அவள் இரண்டு கைகளையும் பிடித்துக்கொண்டாள்.

"வாங்கக்கா, உக்காருங்க. சாப்டீங்களா? வீட்டுல கூட யாரும் இருக்காங்களா?"

பத்தரை மணிக்கு ஒரு தட்டுப் பிரியாணி வந்தது. வசந்தாவுக்கு உள்ளூரச் சிரிப்பு. பழைய தந்திரம்! வயிற்றை நிரப்பி நூற்று ஐம்பது கேட்கப்போகிறார்கள். முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு இரண்டு முட்டையையும் தின்றாள்.

ஸைஃப் பாய் அவள் கண்ணையே பார்க்கவில்லை. தொண்டையைச் செருமினார். "அக்கா, ஏத்தம் எறக்கம் எல்லாம் இருக்கிறதுதான் லா."

"எறக்கம் எங்க பாய்? மூணு நாளா ஏத்தத்தை மட்டும்தானே பாக்குறேன்."

கதீஜா முந்தானையால் கண்ணைத் துடைத்தாள். கணவனைப் பார்த்த பார்வையில் நூல் இல்லாமலே தையல் விழுந்தது. "கேட்டீங்களா? எல்லாம் உங்களாலதான்!"

"எடுத்துக்குங்கக்கா. பைப்பை எடுத்துக்குங்க. காசு ஒண்ணும் வேணாம்," என்றார் பாய்.

வசந்தா உஷாரானாள். ஒன்றும் வேண்டாம் என்று சொல்லும் வியாபாரிக்குத்தான் அதிகம் பயப்பட வேண்டும். நீளமாகப் பெருமூச்சு விட்டாள். "சும்மா வாங்கிட்டுப் போய் மட்டும் நான் என்னத்த சாதிக்கப்போறேன் பாய்?"

அவ்வளவுதான். கதீஜா மேசை இழுப்பறையைத் திறந்து ஓர் ஐம்பது வெள்ளித் தாளை அவள் கைக்குள் திணித்தாள். "டாக்ஸியில போங்கக்கா. தனியா எங்கயும் நிக்காதீங்க. நேரா வீட்டுக்குப் போங்க."

தும்பிக்கையைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு, டாக்ஸியை எல்லாம் கண்டுகொள்ளாமல், வசந்தா நேராக எம்ஆர்டி ரயில் நிலையத்துக்குள் இறங்கினாள். பேரம் என்றால் இதுவல்லவா பேரம்! பூகிஸில் மாறிப் பச்சைத் தட ரயிலில் உட்கார்ந்து, கண்ணாடியைப் போட்டு, தன் திறமையை மறுபடி ரசிக்கக் கைப்பேசியைத் திறந்தாள்.

"அவகிட்ட நம்பிக்கை இருக்கு. எனக்கு நம்பிக்கை இல்லை. நம்பிக்கை இல்லாம எத்தனை நாள் இருக்கிறது? நாளைக்கு எல்லாத்தையும் முடிச்சுடறேன்."

காலாங் வரை அதையே திரும்பத் திரும்பப் படித்தாள். அல்ஜுனிடில் இறங்கித் திரும்பிப் போய் உண்மையைச் சொல்லிவிடலாம் என்று எழுந்தாள். எழுந்தவளுக்குக் குழாய் வாங்கிய செய்தி கேட்கும் ரஞ்சிதத்தின் முகம் தெரிந்தது. அந்த முகத்தைப் பார்க்க வேண்டும்போல் இருந்தது. உட்கார்ந்துவிட்டாள். தன் கைப்பேசியிலிருந்து மட்டும் அந்தச் செய்தியை அழித்தாள்.

அன்றே ஹார்ட்லிங் உறுமியது. எதிர் புளோக்கில் துணி காயப்போட்டிருந்தவர்கள் எல்லாம் இடி என்று நினைத்து உள்ளே எடுத்துவிட்டார்கள் என்று அவளே சொல்லிக்கொண்டாள். மறுநாள் காலைதான் கீழ்த்தளத்தில் அந்த அறிவிப்பு. ஐம்பது என்றால் ஒருத்தியும் நம்ப மாட்டாள் என்று, வாழ்க்கையில் முதல் முறையாக ஓர் உண்மையைக் குறைத்து முப்பது என்றாள்.

சுசீலா கோப்பியை உறிஞ்சியபடி தீர்ப்புச் சொன்னாள். "நீங்க சொல்ற ரெண்டு யானையும் ஓடுது. இருக்கிறது ஒரே இடம். எதுக்கு நல்ல கதை இருக்கோ அதை வைப்போம், பக்கத்துல அட்டையில கதையையும் எழுதுவோம். வசந்தா கதை நல்லாத்தான் இருக்கு. ஆனா நெஜமா?"

"நாளைக்கே நான் தேக்கா போறேன்," என்றாள் ரஞ்சிதம். "பாய்கிட்டயே கேக்குறேன். பொய்யின்னா மேசை எனக்கு."

சனிக்கிழமை காலை முழுவதும் வசந்தாவுக்குக் கோப்பி கசந்தது. ஸைஃப் பாய் மானத்துக்குப் பயந்து இல்லை என்றுவிட்டால்? அதைவிட மோசம், அந்தச் செய்தியைக் காட்டிவிட்டால்? ரஞ்சிதத்துக்கு அது ஒரே நொடியில் புரியும். மற்ற எவருக்கும் புரியாததுதான் அவளுக்குப் புரியும்.

பதினொன்றரைக்கு ரஞ்சிதம் வந்தாள். பையைக் கல்மேசையில் வைத்தாள். வசந்தாவின் பக்கத்தில் உட்கார்ந்து, கைப்பேசியை மேசைக்கு அடியில் அவள் மடியில் வைத்தாள். அன்று காலை கடையிலேயே கதீஜா அவளுக்கு அனுப்பியிருந்த, வசந்தாவின் அந்தச் செய்தி. அடியில் இன்னொரு வரி: 'உங்க பிரெண்டைக் கைவிட்டுடாதீங்க அக்கா.'

வசந்தாவின் காது சுட்டது.

"அந்தப் பொண்ணு என் கையைப் பிடிச்சுக்கிட்டு அழுதுடி," என்றாள் ரஞ்சிதம் காதோரமாக. "தும்பிக்கைன்னா பைப்பு, போன் அதை நம்பிக்கைன்னு தப்பா எழுதிருச்சுன்னு சொல்லிட்டேன். அதுக்கப்புறம்தான் கதீஜாவுக்கு உயிரே வந்துச்சு. சிரிச்சு உருண்டுருச்சு. பாய்தான் சிரிக்கல. பைப்புக்கு நாப்பத்தஞ்சும், அந்த ஐம்பதும் திங்கட்கிழமை கொண்டு வருவேன்னு உன் பேர்ல சொல்லிட்டு வந்திருக்கேன். போய்க் குடு."

"குடுக்குறேன்," என்றாள் வசந்தா.

"உனக்குப் பிரியாணி போட்டாங்களாமே?"

"ம்."

"ரெண்டு முட்டையோட?"

"ம்."

ரஞ்சிதத்தின் மூக்குத்தி துடித்தது. "எனக்கு ஒரு டீகூடக் குடுக்கலடி. இருபது வருஷமா அந்தக் கடைக்குப் போறேன்."

அந்தக் குரலில் இருந்ததை வசந்தா உடனே கண்டுபிடித்தாள். முப்பது வருடமாகத் தன் வயிற்றிலேயே குடியிருந்த சரக்கு அது, தெரியாமல் போகுமா? இப்போது அது இடம் மாறி உட்கார்ந்திருந்தது. மேசையே போனாலும் பரவாயில்லை என்று தோன்றும் அளவுக்கு அவளுக்குள் குளிர்ந்தது.

"என்னாச்சு ரஞ்சிதம்?" என்றாள் சுசீலா, பேனாவும் அட்டையுமாக. "எழுதவா, வேணாமா? யாரு யானை?"

ஆறு கோப்பிக் குவளைகளும் பாதி வழியில் நின்றன. ஒரு வார்த்தை சொன்னால் போதும், மேசை அவளுடையது. ரஞ்சிதம் வசந்தாவை ஒருமுறை பார்த்தாள். அழுக்கான இருக்கை வரிசைக்குச் சுத்தம் என்று ஒருநாளும் கையெழுத்துப் போடாத பழைய சூப்பர்வைசர் முகத்தோடு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

"வசந்தா யானையை வை. நடந்துச்சு. பைப்பையும் குடுத்து, பணமும் குடுத்திருக்காங்க. ஆனா முப்பதுன்னு எழுதாத, அது பொய். ஐம்பது. எப்படின்னு மட்டும் என்னைக் கேக்காதீங்க."