கப்பல் படத்துக்கு எந்த இடம்

“அப்பா, அந்த ஆளு சாப்பிட்டா உங்களுக்குப் பசி தீருமா?” என்று ஐந்து வயதில் மகள் கேட்டாள். திரையில் கோட்டும் சூட்டுமாக ஓர் உளவாளி, எதையோ மென்றுகொண்டே எதிராளியை மிரட்டிக்கொண்டிருந்தான். மிரட்டியது அப்பாவின் குரல். முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். “ஒரு வகையில தீருது கண்ணு. அவன் பேசினாத்தான் நம்ம வீட்டுல அடுப்பு எரியும்” என்றார் அவர்.

அந்த வெளிநாட்டு உளவாளிப் படங்கள் இன்றும் வந்துகொண்டிருக்கின்றன. வேடம் ஒன்றுதான், நடிகர்கள் மாறுவார்கள். நடுவில் வந்த ஒருவர் ஐந்து படங்களில் நடித்தார். ஐந்திலும் தமிழில் அவருக்குக் குரல் கொடுத்ததால் இவருக்குக் குரல்காரர் என்றே பெயர் நிலைத்துவிட்டது. இப்போது அந்தத் தொண்டையில் கட்டி. நாளைக் காலை குரல்வளையையே எடுக்கப்போகிறார்கள். எடுத்தால் பிழைப்பேனா என்று கேட்டதற்கு மருத்துவர் சன்னல் பக்கம் பார்த்தார்.

மகள் கடல் தாண்டி இருக்கிறாள். விடுப்பு கிடைக்கவில்லை. “சாயங்காலம் கூப்பிடுறேன்ப்பா. அதுவரைக்கும் வாயைத் திறக்காதீங்க. மிச்சம் இருக்கறதை எனக்கு வைங்க” என்று சொல்லியிருந்தாள். சரி என்று வாக்குக் கொடுத்திருந்தார்.

ஒரே ஒரு வேலையை மட்டும் அதற்கு முன்பே ஒப்புக்கொண்டிருந்தார். ஒரு தொலைக்காட்சி அந்த ஐந்து படங்களையும் தர வரிசைப்படி போடுகிறது. எது கடைசி, எது முதல் என்று இவரே முடிவு செய்து, உளவாளியின் குரலிலேயே சொல்ல வேண்டும். மைக்குக்குக் கிட்டே நின்று மெல்லப் பேசினால் தொண்டை தாங்கும் என்று நம்பினார்.

ஒலிப்பதிவுக் கூடத்தில் அவருக்கு முன்பே ‘கூட்டம்’ வந்து நின்றிருந்தார். அந்தப் பெரியவருக்கு அதுதான் பட்டப்பெயர். கலவரம், கல்யாணம், கப்பல் கவிழ்வது எதுவானாலும் ஒற்றை ஆளாக ஊர்சனம் முழுவதற்கும் கத்துவார். மைக்கை விட்டு விலகி நிற்பார். ஒரு தரம் சுவரைப் பார்த்து, ஒரு தரம் தரையைப் பார்த்து, ஒரு தரம் கைக்குட்டையை வாயில் பொத்தி. கேட்பவருக்கு ஒரு தெருவே ஓடுவதுபோல் இருக்கும்.

இன்று ஒரு தொடருக்காகப் பாலம் இடிகிற காட்சி. “ஓடுங்க, பாலம் இடியுது” என்று அவர் கத்தியபோது பாதியில் குரல் பிளந்துகொண்டது. எத்தனை தரம் எடுத்தும் அப்படியே.

“அண்ணே, பாலம் இடியறதுக்கு முன்னாடி நீங்க இடிஞ்சுருவீங்க போல” என்றான் ஒலிப்பதிவாளன். சிரிப்பதற்காகத்தான் சொன்னான். ஆனால் அவர் வெளியே போனதும் தலையைச் சொறிந்தான். “மேல சொல்லிட்டாங்க சார். இன்னைக்குத் தேறலைன்னா இனிமே அண்ணனைக் கூப்பிடக் கூடாதாம். சாப்பிட்டு வந்து எல்லா டேக்கையும் இன்னொரு வாட்டி கேட்கிறேன். ஒண்ணு உருப்படியா இருந்தாலும் போதும்.”

குரல்காரர் வரிசையைச் சொல்லத் தொடங்கினார். ஐந்தாம் இடம் கப்பல் படம். நான்கு பாலைவனப் படம். அதற்கு மேலே ரயில் படம், சர்க்கஸ் படம். முதலிடம் பனிமலைப் படம்.

“என்ன சார் இது? கப்பல் படத்தைப் போய்க் கடைசியில வெச்சுட்டீங்க? அந்தக் கடைசி சீன்ல நீங்க பேசினதைக் கேட்டுட்டு எங்கம்மா ரெண்டு நாள் அழுதுக்கிட்டே இருந்தாங்க.”

“அதுல நான் ஒண்ணும் பெரிசா பண்ணலப்பா.”

“தன்னடக்கத்துக்கும் ஒரு அளவு இருக்கு சார்.”

தன்னடக்கம் இல்லை, உண்மை. அந்தக் கடைசிக் காட்சியில் பேசியது கூட்டம். வெளியீட்டுக்கு முந்தின நாள் இவருக்குத் தொண்டை அடைத்துக்கொண்டது. கூட்டம் வந்து இவர் குரலிலேயே பேசிக் கொடுத்துவிட்டுப் போனார். விஷயத்தை வெளியே சொல்லிவிடுகிறேன் என்று இவர் பதறியபோது, “ஒரு நாள் குரல் குடுத்தேன். அதை நாலு பேருக்குச் சொல்லிட்டா குடுத்ததா ஆகாது தம்பி” என்று வாயை அடைத்துவிட்டார். உதவியைப் பரணில் போட்டுவிட்டு மறந்துவிடுகிற மனிதர்.

தனக்கு உரிமையில்லாத பாராட்டு என்றுதான் இத்தனை காலம் அந்தப் படத்தைக் கடைசியில் வைத்தார். இன்றுதான் உறைத்தது. கீழே தள்ளியது தன்னை அல்ல, அந்த மனிதருடைய உழைப்பை. சரி, முதலில் வைக்கலாமென்றால் அந்தப் புகழும் தன் தலையில்தான் வந்து விழும். எந்த இடத்தில் வைத்தாலும் அவருக்குச் சேராது. இருந்தும் அந்த உழைப்புக்காவது உரிய இடம் கிடைக்கட்டும் என்று வரிசையை மாற்றி, கப்பல் படத்தை முதலிடத்தில் வைத்துச் சொன்னார்.

“இப்பத்தான் வழிக்கு வந்தீங்க” என்று மகிழ்ந்துபோன ஒலிப்பதிவாளன், வெளியே பெஞ்சில் குனிந்து உட்கார்ந்திருந்த கூட்டத்தை எழுப்பிச் சாப்பிட அழைத்துப் போனான். இருவரும் படியிறங்கும் சத்தம் கேட்டது.

குரல்காரர் தனியாக நின்றார். தொண்டையில் மிச்சமிருந்தது ஒரு வாய்த் தண்ணீர் அளவுக் குரல். அது மகளுக்கென்று சொல்லி வைத்தது. ‘கடவுளே, குழந்தை என்னை மன்னிக்கட்டும்’ என்று நினைத்துக்கொண்டார். கூட்டத்தின் டேக்குகள் முடிந்த இடத்தில், அவருடையதே இன்னொன்றாகச் சேரும்படி, பதிவுக் கருவியை ஓடவிட்டார். சிவப்பு விளக்கு எரிந்தது. மைக்கை விட்டு விலகி நின்று, பெரியவரின் கரகரப்பைத் தொண்டைக்குக் கொண்டுவந்து, சுவரைப் பார்த்துக் கத்தினார். தரையைப் பார்த்துக் கத்தினார். கைக்குட்டையைப் பொத்திக்கொண்டு கத்தினார். பாலம் இடிந்தது, சனம் ஓடியது. கடைசிக் கத்தலில் உள்ளே ஏதோ அறுந்தது. கைக்குட்டையில் ரத்தம்.

மகளின் பெயரைச் சொல்லிப் பார்த்தார். காற்றுதான் வந்தது.

கருவியை நிறுத்தி, காதொலிப்பானை ஆணியில் மாட்டினார். கைக்குட்டையை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு, பின்படி வழியாக இறங்கிப் போனார்.