மூன்றாவது பல்செட்

1

இந்தக் கதை கிடைத்தபோது என்னால் பேச முடியவில்லை. பல் மருத்துவமனை நாற்காலியில் வாயைத் திறந்தபடி கிடந்தேன். உடைந்த முன்பல்லுக்கு கேப் போட வேண்டும். நிறம் பார்க்க லேபிலிருந்து டெக்னீசியன் வந்திருந்தார். மாதிரிப் பற்கள் வரிசையாகச் செருகிய பட்டையை என் உதட்டருகே பிடித்து, ஜன்னல் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாக ஒத்துப்பார்த்தார். பார்த்துக்கொண்டே தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார். குறுக்கே கேள்வி கேட்காத ஆள் யாருக்குத்தான் சுலபத்தில் கிடைக்கிறார்.

முடிவைச் சொல்வதற்குள் மருத்துவர் வந்துவிட்டார். டெக்னீசியன் நிறுத்திய இடத்தில் நானும் நிறுத்துவேன். அதற்கு முன்னால் இடையிடையே நான் சேர்த்ததையும் சொல்லிவிடுகிறேன்.

(நாற்காலிக்கு அருகில் நின்றவர் 'அவர்'. கதைக்குள் 'அவன்'. அம்மாவுக்கு முன்னால் யாரும் 'அவர்' இல்லை.)

2

மூன்று தொடக்கங்கள் எழுதினேன்.

"பிளாஸ்டர் தூசி படிந்த ஜன்னல் வழியே காலை வெளிச்சம் மெல்ல" (ஆள் யாரும் வரவில்லை. அதற்குள் வெளிச்சத்துக்கு ஒரு வரி. வேண்டாம்.)

"அம்மாவின் பற்கள் ஒவ்வொன்றாக உதிர்ந்தபோது" (உதிரவில்லை. பிடுங்கினார்கள்.)

"யாருங்க பேசுறது?" என்றாள் அக்கா.

இதுதான் சரி. ஆனால் இதற்கு முன்னால் கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும்.

3

அவன் பல்செட் செய்பவன். பதினெட்டு வருட வேலை. லேபில் அவன் மேஜைக்கு வாய்கள் பிளாஸ்டர் அச்சுகளாக வரும். முகங்கள் வராது. அம்மாவுக்கு ஈறு கெட்டு மேல்வரிசை முழுவதையும் எடுக்க வேண்டி வந்தபோது, "வேற யார் கையும் படக்கூடாது, நானே செய்றேன்" என்றான்.

அம்மாவுக்கு ஒரே அக்கா. கடல் தாண்டி, மகள் வீட்டில் இருக்கிறாள். ஆறு வருடமாக அவளுக்குக் கண்பார்வை இல்லை. தினமும் காலை பத்து மணிக்கு அம்மா கூப்பிடுவாள். அங்கே அது சாப்பாட்டு நேரம். முதல் வாக்கியம் மாறியதே இல்லை. "அக்கா, சாப்டாச்சா?"

அந்தச் 'சா'வில் ஒரு சிறு காற்று சீறும். அம்மாவின் முன்பற்களுக்கு நடுவில் இடைவெளி. அதன் பக்கத்தில் ஒரு பல் திரும்பி நின்றது. அக்கா அவளுக்கு வைத்த பெயர் விசிலு.

ஈறு ஆறிய மூன்று மாதமும் அம்மா போனைத் தொடவில்லை. பொக்கைவாய்க் குரலை அக்காவுக்குக் கேட்கவிட மனமில்லை. அவன் மனைவிதான் நடுவில் நின்றாள்.

"அத்தை பக்கத்துலதான் இருக்காங்க பெரியத்தை. தலையாட்டுறாங்க."

"எப்படி ஆட்டுறா?"

"ஆமான்னு."

"நான் சொல்லி அவ எதுக்கும் ஆமான்னதே இல்லையேம்மா."

புதுப்பல் மாட்டிய மறுநாள் காலை பத்து மணி.

"அக்கா, சாப்டாச்சா?"

"யாருங்க பேசுறது?"

"நான்தான்க்கா."

"போன விசிலுகிட்ட குடுங்க."

அம்மா சிரித்தாள். பிறகு விளக்கினாள். பிறகு இருவருக்கு மட்டுமே தெரிந்த மூன்று ரகசியங்களைச் சொன்னாள்.

"அதெல்லாம் ஊர் பூரா சொல்லியிருப்பா. அவ வாய் எனக்குத் தெரியாதா" என்றாள் அக்கா. "மூணு மாசமா அவ பேசல. இப்ப யாரையோ வச்சுப் பேசவைக்கிறீங்க. அவ போயிட்டான்னா போயிட்டான்னு சொல்லிடுங்கப்பா. நான் தாங்கிக்குவேன்."

(ஏன் நேரில் போகவில்லை? விசா கிடைக்க நான்கு மாதம் ஆகும் என்றார்கள். அக்கா மகள் வீடியோவில் பார்த்து உறுதி சொல்லவில்லையா? சொன்னாள். "நீயும் அவங்களோட சேந்துட்டியா" என்று கேட்டாள் அக்கா.)

அம்மா போனை வைத்தாள். பல்லைக் கழற்றி டம்ளரில் போட்டாள்.

அன்றிலிருந்து அங்கிருந்து அக்கா மகள்தான் கூப்பிட்டாள். "அம்மா சரியா சாப்பிடறதில்ல. சித்தி போட்டோவ மடியில வச்சுத் தடவிக்கிட்டே உக்காந்திருக்கு. பாவமா இருக்கு. ஏதாவது பண்ணுங்களேன்."

4

அவன் செய்த தவறு, அவன் தொழிலில் இருப்பவன் மட்டுமே செய்யக்கூடியது.

பற்களை முதலில் மெழுகில் நட்டு, அந்த மெழுகுத்தட்டையே வாயில் வைத்துப் பார்க்க வேண்டும். பேசச் சொல்ல வேண்டும். சரியில்லையென்றால் பல்லை நகர்த்தலாம். எல்லாம் சரியான பிறகே மெழுகை எடுத்துவிட்டு, அந்த இடத்தில் அக்ரிலிக்கை வார்த்து இறுக்குவார்கள். அதற்குப் பிறகு நகராது. மெழுகில் பார்க்காமல் அவசரப்படுத்தும் மருத்துவர்களிடம் அவன் சண்டை போட்டிருக்கிறான். "சார், வாய் என்ன பானையா, மூடி செஞ்சு வச்சுடறதுக்கு?" என்று ஒருவரிடம் கேட்டதாக அவர் சொன்னார்.

அம்மாவுக்கு மட்டும் அவன் மெழுகில் பார்க்கவில்லை. முழுதாகச் செய்து, ஒரு நாள் சாயங்காலம் சின்னப் பெட்டியில் வைத்துக் கொடுக்க ஆசைப்பட்டான். அம்மா வாய்தானே, தெரியாதா என்று நினைத்தான். கை பதினெட்டு வருடப் பழக்கத்தில் எல்லாவற்றையும் நேராக நட்டது. இடைவெளி போயிற்று. திரும்பிய பல் திருந்திவிட்டது.

"பத்து வயசு கொறஞ்சிட்டீங்க" என்றாள் பக்கத்து வீட்டுக்காரி.

அம்மா சொன்னது ஒன்றுதான். "நாக்கு எங்க போய் உக்காரும்னே தெரியலடா."

(என் முதல் பிரதியில் அம்மா இப்படிச் சொன்னாள்: "மகனே, நீ எனக்குப் பற்களைத் தந்து குரலை எடுத்துக்கொண்டாய்." இரண்டு நாள் அந்த வரியில் எனக்குப் பெருமை. பிறகு அந்த அம்மாவைச் சமையலறையில் நிறுத்திப் பார்த்தேன். நிற்கவில்லை. நானும் நேராகத்தான் நட்டிருக்கிறேன்.)

5

இரண்டாவது செட்டில் நடுவில் இடைவெளி விட்டான். சரியாக ஒரு மில்லிமீட்டர். அளந்து விட்டான். விசில் வந்தது.

"குக்கர் மாதிரி இருக்குங்க" என்றாள் மனைவி.

திரும்பிய பல் இல்லாமல் அந்தச் சத்தம் வராது என்று புரிந்தது. எந்தப் பல்? இடமா, வலமா? மனைவி இடது என்றாள். அவன் வலது என்றான். மனைவி பதினோரு வருடமாக, அவன் பிறந்ததிலிருந்து, தினமும் அந்த வாயைப் பார்த்தவர்கள். அம்மா அவன் முகத்தில் விரலை வைத்து, "கண்ணாடில இந்தப் பக்கம்" என்றாள். கண்ணாடியில் அந்தப் பக்கமென்றால் நேரில் எந்தப் பக்கம் என்பதில் மூன்று பேரும் அரை மணி நேரம் சண்டை போட்டார்கள்.

ஆல்பத்தை எடுத்தார்கள். கல்யாணப் படம், அவனைக் கையில் வைத்திருக்கும் படம், கடவுச்சீட்டுப் படம். எல்லாவற்றிலும் அம்மா உதட்டை மூடியிருந்தாள்.

"ஒண்ணுல கூடவா சிரிக்கல?"

"போட்டோன்னா வாய மூடிக்கோடின்னு அக்காதான் சொல்லிக்குடுத்தா. பல்லு அசிங்கமா தெரியுமாம்."

அவன் ஆல்பத்தை மூடினான். ஆயிரக்கணக்கானவர்களுக்குப் பல் செய்தவன். அம்மாவுக்குப் பல் இருந்தபோது ஒரு தடவை அச்சு எடுத்து வைத்திருக்கலாம். ஐந்து நிமிட வேலை. தோன்றவேயில்லை.

(இங்கே ஒரு தீர்வு கண்டுபிடித்தேன். சின்ன வயதுச் சண்டையில் அம்மா அக்காவின் கையைக் கடித்திருக்கிறாள். தழும்பு இன்னும் இருக்கிறது. அக்கா மகள் அதைப் படம் எடுத்து அனுப்ப, அதிலிருந்து அச்சு அமைக்கிறான். ஒரு பக்கம் எழுதிவிட்டேன். இடைவெளியே இல்லாமல் பொருந்தியது. அதனாலேயே நீக்கினேன். அப்படி எந்தத் தழும்பும் இல்லை.)

6

மூன்றாவது செட்டை அவன் மெழுகில் நிறுத்தினான்.

ஞாயிற்றுக்கிழமை. லேபிலிருந்து சின்ன ஸ்பிரிட் விளக்கும் மெழுகுக் கத்தியும் கொண்டுவந்து சாப்பாட்டு மேஜையில் வைத்தான். அம்மாவை நாற்காலியில் உட்காரவைத்தான். மனைவியைச் சுவரைப் பார்த்து உட்காரச் சொன்னான்.

"எதுக்குங்க?"

"பெரியம்மா மாதிரி. பாக்காம கேளு."

"நான் என்ன தப்பு பண்ணேன், மூலைல உக்காரவைக்கிறீங்க" என்றபடி திரும்பி உட்கார்ந்தாள்.

அவன் கத்தியைச் சூடாக்கி, மெழுகை இளக்கி, பல்லை ஒரு மயிரிழை திருப்பி, நீரில் குளிரவைத்து, வாயில் பொருத்தினான்.

"சொல்லும்மா."

"சா."

"இல்ல" என்றது மூலை.

இன்னும் கொஞ்சம் திருப்பினான்.

"சா."

"இது குக்கர்."

"வாய மூடுடி" என்றாள் அம்மா, 'சா' சொல்லாத நேரத்தில்.

பதினைந்தாவது தடவையோ இருபதாவதோ. அம்மா கையைக் காட்டி நிறுத்தினாள். கண்ணை மூடிக்கொண்டாள். உதட்டுக்குப் பின்னால் நாக்கு நடப்பது வெளியே தெரிந்தது. வலப்பக்கம் போயிற்று. திரும்பி வந்தது. இடப்பக்கம் போய் அங்கேயே நின்றது.

"இங்கடா. இதோட ஓரம் நாக்குல இடிக்கும். வேல இல்லாதப்ப அதத்தான் தடவிக்கிட்டு இருப்பேன்."

எத்தனை நாளாக மூன்று பேரும் கண்களிடமே கேட்டுக்கொண்டிருந்தார்கள். (இந்த வரி என்னுடையது. அவர் சொன்னது: "நாக்கைக் கேக்கணும்னு எனக்குத் தோணல சார்.")

அவன் இடப்பக்கப் பல்லைத் திருப்பினான்.

"சா."

மனைவி திரும்பிப் பார்த்தாள். அவ்வளவுதான்.

மணி பத்தாக ஏழு நிமிடம்.

"இத இப்பவே லேபுக்கு எடுத்துட்டுப் போறேன். நாளைக்கு ரெடியாயிடும். அப்புறம் பேசலாம்" என்றான்.

"நாளைக்கு நீ இறுக்கிட்டு வருவ. அவ யாருங்கன்னு கேட்டா?"

அவன் கத்தியைத் துணியில் துடைத்தான்.

"இப்பவே பேசுறேன். தப்புன்னா நகத்திக்கலாம்ல."

"மெழுகும்மா. வாய்ச் சூட்டுல இளகிடும். ரெண்டு நிமிஷம், மூணு நிமிஷம். பேசப் பேச பல்லு நகரும்."

"நாங்க பேசுறதுல முதல் ரெண்டு நிமிஷம்தான் பேச்சு. மிச்சமெல்லாம் சண்டை" என்றாள் அம்மா. "போனக் குடு."

7

அவர் இதுவரைதான் சொன்னார். மருத்துவர் கதவைத் திறந்தார். டெக்னீசியன் பட்டையை மூடிக்கொண்டு, என் நிறத்தைச் சீட்டில் எழுதிக் கொடுத்துவிட்டுப் போனார்.

நான் இரண்டு முடிவுகள் எழுதினேன். முதலாவதில் அக்கா "விசிலு" என்று கூப்பிட்டு அழுகிறாள். எழுதும்போது எனக்கும் கண் கலங்கியது. மறுநாள் படித்தபோது லேபில் செய்த பல்வரிசைபோல் பளபளவென்று இருந்தது. இரண்டாவதில் மெழுகு இளகி, பாதி வாக்கியத்தில் பல் சரிந்து, அக்கா மறுபடியும் "யாருங்க" என்கிறாள். அது இன்னும் மோசம். கோணலையும் அளந்து ஒரு மில்லிமீட்டர் விட்டிருந்தேன்.

பத்து நாள் கழித்து என் கேப் வந்தது. அவர் வரவில்லை, பெட்டி மட்டும். மருத்துவர் பொருத்திவிட்டு முகம் சுளித்தார். என் பக்கத்துப் பல்லின் ஓரத்தில் பழைய சின்ன உடைசல் ஒன்று உண்டு. புதிய கேப்பிலும் அதே உடைசல்.

"தப்பா பண்ணியிருக்கான். தேச்சு நேராக்கிடவா?"

வாய் நிறையப் பஞ்சு. தலையை மட்டும் ஆட்டினேன். வேண்டாம் என்று.

பெட்டியின் மேல் லேபின் போன் நம்பர் இருந்தது. அது இன்னும் என் மேஜையில் இருக்கிறது. ஒரு நிமிட வேலை. கூப்பிட்டுக் கேட்டால் தெரிந்துவிடும். தெரிந்தால் எழுதிவிடுவேன். எழுதினால் நேராக்கிவிடுவேன். என் கையை எனக்குத் தெரியும்.

8

ஆகையால் மெழுகிலேயே வைத்து உங்களிடம் தருகிறேன்.

மணி பத்து. போன் அடிக்கிறது. அங்கே மகள் எடுத்து, ஒன்றும் சொல்லாமல் அக்காவின் கையில் கொடுக்கிறாள். இங்கே அவன் கத்தியைக் கையில் வைத்தபடி நிற்கிறான். ஸ்பிரிட் விளக்கை அணைக்க மறந்துவிட்டான். மனைவி மறுபடியும் சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொள்கிறாள். இந்த முறை யாரும் சொல்லவில்லை. அம்மா நாக்கை அந்தப் பல்லின் ஓரத்தில் ஒரு தடவை வைத்துப் பார்த்துக்கொள்கிறாள். அது இருக்கிறது.

"அக்கா, சாப்டாச்சா?"

கடலுக்கு அந்தப் பக்கம் ஒருவர் மூச்சை இழுப்பது கேட்கிறது.

அக்காவின் காதில் விழுந்தது யார் குரல் என்று எனக்குத் தெரியாது. நீங்கள் வேண்டுமானால் அந்த இரண்டு வார்த்தைகளை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள். உங்கள் பல்லில், உங்கள் நாக்கில். பக்கத்து அறையில் யாராவது இருந்தால் அவர் காதில் விழட்டும். திரும்பிப் பார்க்காமலே அவர் உங்களை எப்படிக் கூப்பிடுகிறார் என்று கேளுங்கள்.