சூசைராஜுக்குக் கிடைக்காத வயர்

குன்றாண்டார்கோவிலுக்குக் கிழக்கே ஓர் ஊர். அங்கே மேடைப் பேச்சை நிறுத்துவதற்கென்றே ஒருவர் இருக்கிறார். பெயர் சூசைராஜ். கூட்டத்துக்குப் பின்னால், ஆம்ப்ளிபயர் பக்கம் நிற்பார். நேரமாகிவிட்டது என்று அவருக்குத் தோன்றினால் ஒரு டீயைக் குடித்துத் தெம்பேற்றிக்கொண்டு, தரையில் கிடக்கும் மைக் வயரை எடுப்பார். கைமாற்றிக் கைமாற்றிப் பிடித்தபடியே மேடைக்கு வந்துவிடுவார். பேசுகிறவர் சுதாரிப்பதற்குள் மைக் இவர் கையிலும், பொன்னாடை அவர் தோளிலும் இருக்கும். சுவிட்சை அணைத்தால் முடிந்ததே என்று கேட்டால், "அது கரண்டு ஆபீஸ் வேலைங்க" என்பார்.

ஒருமுறை சேவலொன்று மைக் அருகே நின்று கூவிக்கொண்டிருந்தபோது வயரைத் தொட்டுவிட்டார். "கொக்கரக்" அன்று வந்தது. "கோ" மறுநாள் காலையில்தான் வந்தது. வயரில்லாத மைக் வாங்கலாம் என்று ஊர்க்கூட்டத்தில் ஒரு தீர்மானம் எழுந்ததுண்டு. அதையும் பாதி வாக்கியத்தில் நிறுத்திவிட்டார்.

மோகனப்ரியாவுக்கு அவர்மேல் பழைய கணக்கு ஒன்று இருந்தது. அவள் பள்ளியில் படித்த காலத்தில், பொங்கல் விழாவில் அவள் அம்மா செங்கமலம் மைக்கைப் பிடித்து, "எங்க தெருவுக்குத் தண்ணி" என்றாள். அவ்வளவுதான், பொன்னாடை விழுந்தது. மிச்ச வாக்கியம் தொண்டையிலேயே தங்கிவிட்டது. அன்றிலிருந்து சோறு அதைச் சுற்றிக்கொண்டுதான் இறங்குகிறது.

இந்தப் பொங்கலுக்கு மோகனப்ரியாவுக்குப் பாராட்டு. பாக்டீரியாவைப் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டம் வாங்கியிருந்தாள். விழாச் செயலாளர் திருமுருகன் பொன்னாடையும் கையுமாக அருகில் வந்தார்.

"நன்றின்னு ஒரு வார்த்தை போதும்மா."

"முழுசாப் பேசிட்டுத்தாண்ணே எறங்குவேன்."

"அங்கிட்டு யாரு நிக்கிறாருன்னு பாத்தியா?"

"நல்லா நிக்கட்டும். இத்தன வருஷமா அவரைத்தான் படிச்சுட்டு வந்திருக்கேன்."

மைக்கைப் பிடித்தாள்.

"பாக்டீரியாவுக்குள்ள ஒரு எந்திரம் இருக்கு. மரபணுவப் படிச்சுப் படிச்சு, அதை ஆர்.என்.ஏ.ங்கிற நூலிழையா விட்டுக்கிட்டே போகும். சில எடத்துல அதுவா நிக்காது. நிறுத்துறதுக்குன்னு ஒரு புரதம், பேரு ரோ. ஆறு பேரு கைகோத்து நிக்கிற வளையம் மாதிரி இருக்கும். நூல்ல வெறுமனே கெடக்கிற எடத்தைப் புடிச்சு, நூல் வழியாவே ஓடியாந்து எந்திரத்தை நிறுத்திப்புடும்."

கூட்டம் மொத்தமும் பின்னால் திரும்பிப் பார்த்தது. சூசைராஜ் டீ கிளாஸை வாயிலிருந்து எடுத்தார்.

"நஸ்-ஜின்னு இன்னொருத்தர். நூலைப் படிக்க ஆள் வந்தா அவங்களோட கைகோத்துக்குவாரு. யாரும் வரலையா, ரோவுக்கு ஒத்தாசை பண்ணப் போயிருவாரு."

திருமுருகனைப் பார்த்து யாரோ சிரித்தார்கள். சூசைராஜ் குனிந்து வயரை எடுத்தார்.

முன்வரிசையில் இருந்த சின்னம்மா ராக்காயி குரல் கொடுத்தாள். "ஏண்டி ப்ரியா, அந்த நூல்ல வெறும் எடமே இல்லாட்டி?"

"அதுதான் சின்னம்மா என் ஆராய்ச்சியே! ரைபோசோம்னு இருக்கு. நூலைப் படிச்சுப் புரதம் செய்யிறது அதுதான். அது நூல்மேல நெருக்கி வந்துக்கிட்டே இருந்தா, ரோவுக்குப் புடிமானம் கெடைக்காது. ரோவைத் தப்பு சொல்லலை. அது இல்லாட்டி வெத்துச் செய்தியெல்லாம் ஓடிக்கிட்டே கெடக்கும். ஆனா கேக்க ஆளிருக்கிற பேச்சை நிறுத்த அதுக்கு உரிமை கெடையாது!"

ராக்காயி எழுந்தாள். சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு நேரே போய் வயர்மேல் உட்கார்ந்தாள். "வாங்கடி" என்றாள். மேடையிலிருந்து ஆம்ப்ளிபயர் வரைக்கும் பெண்கள் தோளோடு தோள் இடித்து உட்கார்ந்துவிட்டார்கள். இடம் கிடைக்காத நாலு பேர் அடுத்த ஊர் எல்லைவரை போய் உட்கார்ந்தார்கள், வயர் அங்கே இல்லாவிட்டாலும்.

சூசைராஜ் கையில் இருந்த ஒரு சாண் வயரும் உருவிக்கொண்டு போய்விட்டது.

"கொஞ்சம் எந்திரிங்க தாயி."

"முட்டி வலிண்ணே. நீங்களும் ஒக்காருங்க, பேச்சு நல்லாருக்குல்ல?"

வயரைத் தொடாமல் மேடை ஏறுவது அவர் தொழிலுக்கு இழுக்கு. நின்றார். திருமுருகன் பொன்னாடையை மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு பெண்கள் பக்கம் நகர்ந்தார். "நான் மொதல்லேருந்தே ஒங்க பக்கந்தானே!"

மோகனப்ரியா தன் ஆராய்ச்சியைக் கடைசிவரை சொல்லி முடித்தாள். மேடையைவிட்டு இறங்காமல், "அம்மா, வா" என்று கூப்பிட்டு மைக்கைச் செங்கமலத்திடம் கொடுத்தாள்.

"எங்க தெருவுக்குத் தண்ணி..." செங்கமலம் பழக்கதோஷத்தில் வயரைப் பார்த்தாள். பெண்கள் இன்னும் நெருங்கி உட்கார்ந்தார்கள். "...வரலை. அன்னைக்கும் வரலை, இன்னைக்கும் வரலை. எப்ப வரும், சொல்லிட்டுப் போங்க."

சொல்லி முடித்ததும் எச்சிலை விழுங்கிப் பார்த்தாள். தடையில்லாமல் இறங்கியது.

திருமுருகன் தாவி வந்து மைக்கை வாங்கினார். "இது விஷயமாக நமது விழாக்குழு, பல்வேறு கோணங்களில், ஆழ்ந்து பரிசீலித்து..."

ராக்காயி மெல்ல எழுந்தாள். அவள் உட்கார்ந்திருந்த இடத்தில் ஒரு முழம் வயர் வெறுமனே கிடந்தது. அவள் சூசைராஜைப் பார்த்தாள்.

சூசைராஜ் டீ கிளாஸைக் கீழே வைத்தார்.