வக்கீலம்மாவின் காரிலிருந்து எடுத்த சுழிகள்

வக்கீலம்மாவின் கறுப்புக் காரிலிருந்து எடுத்த சுழிகள் அன்று சாயங்காலமே தையல்காரரின் கால்களில் ஏறிக்கொண்டன. அதன் பிறகு அவரால் தன் தையல் மிஷினைச் சுற்றி நடக்காமல் இருக்க முடியவில்லை. தூசி படிந்த காரைக் காய்ந்த துணியால் வட்டம் வட்டமாகத் துடைத்தால் பெயிண்டில் முடியளவு மெல்லிய கோடுகள் விழும். வெயிலில் நிறுத்திப் பார்த்தால் சிலந்தி வலை மாதிரி தெரியும். தையல்காரரின் மனைவியான பாலிஷ்காரி அவற்றைத்தான் சுழி என்பாள். வீட்டுக்குப் பக்கத்து ஷெட்டில் அவள் அவற்றைக் கையாலேயே எடுப்பாள். பாலிஷ் மிஷின் வைத்தால் ஓரங்களில் பெயிண்ட் எரிந்துவிடும் என்பது அவள் பயம். முதலில் காரைக் கழுவி ஈரம் ஒற்றி எடுப்பாள். பிறகு உள்ளங்கை அகலத்துக்கு ஓர் இடத்தைப் பிடித்துக்கொண்டு, பஞ்சு வில்லையில் துளி பாலிஷைத் தொட்டு மேலிருந்து கீழாகத் தேய்ப்பாள், அப்புறம் இடமிருந்து வலமாக. எந்தக் காரணத்துக்காகவும் வட்டமாகத் தேய்க்க மாட்டாள். நகம் சிக்குகிற கீறலைத் தொடவே மாட்டாள். கீழே விழுந்த துணியை மறுபடி காரில் வைக்க மாட்டாள். எடுத்த சுழிகள் துணியோடு வந்துவிடும். துணியை வாளியில் அலசினால் தண்ணீர் கொஞ்ச நேரம் தானாகச் சுற்றும். அது அடங்கிய பிறகு சாக்கடையில் ஊற்றுவாள். இதில் பேச என்ன இருக்கிறது என்று யாரும் பேசியதில்லை.

அன்று அவளுக்குச் சாப்பாடு கொண்டுவந்த தையல்காரர் வியர்த்து விறுவிறுத்துப் போயிருந்தார். மேஜை மேல் கிடந்த, இன்னும் அலசாத துணியை எடுத்து முகத்தையும் கழுத்தையும் நன்றாகத் துடைத்துக்கொண்டார். அதைத் தொடாதீங்க என்று அவள் சொல்வதற்குள் பின்கழுத்து வரை துடைத்து முடித்திருந்தார்.

முதல் வாரம் அவர் மிஷினை மட்டும் சுற்றினார். தூங்குகிற நேரத்தைத் தவிர நிற்பதே இல்லை. அடுத்த வாரம் அந்த வட்டத்துக்கு அறை போதாமல், முன்வாசலில் இறங்கிப் பின்வாசலில் ஏறினார். மாதம் முடிவதற்குள் வீடு, ஷெட், தெரு எல்லாம் வட்டத்துக்குள் வந்துவிட்டன. கூடவே இருந்த அவர் தங்கை மருந்துக்கடையில் வேலை பார்ப்பவள், எதற்கும் அசராதவள். "விடுங்க அண்ணி, அண்ணனுக்குத் தொப்பை குறையுது" என்றாள். பாலிஷ்காரிக்கு அப்படி விட முடியவில்லை. வட்டம் பெரிதாகப் பெரிதாக அவர் வீட்டைக் கடக்கிற நேரம் தள்ளிப்போய்க்கொண்டே இருந்தது. நடப்பவர் நின்று பேச முடியாததால் பாதி வாக்கியத்தை இந்தச் சுற்றில் சொல்வார், மீதியை அடுத்த சுற்றில்தான் கேட்க முடியும். மிஷினைச் சுற்றிய காலத்தில் அது ஒரு மூச்சு விடுகிற நேரம். தெருவைச் சுற்றியபோது ஒரு டீ குடிக்கிற நேரம். வட்டம் தெருவைத் தாண்டி ஊரையே வளைத்த பிறகு ஒருநாள் காலை அவர் வாசலைக் கடக்கும்போது, "இவளே, ஒருவேளை நான் வராமப் போயிட்டா" என்று சொல்லிக்கொண்டே போனார். அவள் அன்று எந்தக் காரையும் தொடாமல் வாசலிலேயே உட்கார்ந்திருந்தாள். மறுநாள் வெயில் ஏறிய பிறகுதான் அவர் வந்தார். வந்தவர், "அந்த நீலச் சட்டைக்குக் காலர் திருப்பணும், மறந்துடாத" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். பழைய வாக்கியத்தின் மீதியைச் சொல்ல மறந்தாரா, சொல்ல வேண்டாம் என்று விட்டாரா என்று அவளுக்குத் தெரியவில்லை. அடுத்த சுற்றில் கேட்கலாம் என்றால், அடுத்த சுற்று உண்டா என்பதே அவளுக்குச் சந்தேகமாக இருந்தது.

அவள் வக்கீலம்மாவிடம் போனாள். எடுத்த இடத்திலேயே சுழியைத் திரும்ப வைத்தால் சரியாகிவிடும் என்பது அவள் கணக்கு. வக்கீலம்மா நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். அவர் உட்கார்ந்து அவள் பார்த்ததே இல்லை. "முன்னெல்லாம் ஒரு கேஸ் கட்டைப் பிரிச்சா ரூம் முழுக்க நடப்பேன். இப்பதான் உக்காந்த இடத்துல உக்காந்திருக்கேன். கார்ல கை வெச்சே, உன் மேலயே கேஸ் போடுவேன்" என்றார், எழுந்திருக்காமலே.

மிச்சமிருந்தது ஒரே வழி. காரில் செய்வதை மனிதரிடம் செய்து பார்க்க வேண்டியதுதான். அடுத்த சுற்றில் தையல்காரர் தெருமுனையில் தெரிந்ததும் அவளும் நாத்தனாரும் வாளியோடு ஓடி, சட்டையைக் கழற்ற வைத்து, கூடவே நடந்தபடி, பின்கழுத்திலிருந்து சுழிக்கோடுகள் இறங்கியிருந்த முதுகைக் கழுவினார்கள். தோலுக்கு ஆகாது என்று பாலிஷ் போடவில்லை. ஈரப் பஞ்சு வில்லையால் மேலிருந்து கீழ், இடமிருந்து வலம் என்று நேர்கோடாகத் தேய்த்தாள். "அப்படியே மெழுகும் போட்டுடுங்க அண்ணி, மழைல நனையாது" என்றாள் நாத்தனார். வீட்டு வாசல் வந்தபோது அவர் நின்றார். "நின்னுட்டேன்" என்றார், தனக்கே நம்பிக்கையில்லாதது போல. அவள் டார்ச் அடித்து முதுகைப் பார்த்தாள். ஒரு கோடுகூட இல்லை. அவரை உட்கார வைக்க நாற்காலி எடுத்துவர உள்ளே ஓடினாள்.

நாற்காலியோடு வெளியே வந்தபோது அவர் தெருக்கோடியில் போய்க்கொண்டிருந்தார், நூல் பிடித்த மாதிரி நேராக. எதிரில் நின்ற கைவண்டி மேல் ஏறி இறங்கினார். சாலை வளைந்த இடத்தில் அவர் வளையவில்லை. பாத்திரக் கடையின் முன்வாசலில் நுழைந்து பின்வாசலில் வெளியேறினார். கடைக்காரர் அவரிடம் என்ன வேண்டும் என்று கேட்டு முடிக்கவில்லை. பாலிஷ்காரிக்கு அப்போதுதான் உறைத்தது. வட்டம் எவ்வளவு பெரிதானாலும் ஒருநாள் வந்துதான் ஆக வேண்டும். நேர்கோட்டுக்கு அப்படி ஒரு கடமையும் இல்லை. தன் கையாலேயே அவரை அனுப்பி வைத்திருக்கிறாள். நாற்காலியைப் போட்டுவிட்டு நாத்தனாரின் ஸ்கூட்டர் பின்னால் ஏறினாள். "எந்தப் பக்கம் அண்ணி" என்றவளிடம், "ஒரே பக்கம்தான், ஓட்டு" என்றாள்.

ஊர் எல்லையில், கடைசி பஸ் நிறுத்தத்தில்தான் எட்டிப் பிடித்தார்கள். இரண்டு பேர் பிடித்து இழுத்தும் அவர் நிற்கவில்லை. இழுத்தவர்கள்தான் கூடப் போனார்கள். "நான் என்ன பண்ணட்டும், காலு கேக்க மாட்டேங்குது" என்றார் அவர். அப்போது அவள் அந்தத் தொழிலில் எவரும் செய்யக் கூடாததைச் செய்தாள். தரையில் மண்ணில் கிடந்த ஒரு கந்தல் துணியை எடுத்து, உதறக்கூட இல்லாமல், அவருடைய வெறும் முதுகில் வட்டம் வட்டமாக அழுத்தித் தேய்த்தாள். பஸ்ஸுக்கு நின்றவர்களில் ஒருவர் அவளுடைய பழைய வாடிக்கையாளர். காரை வட்டமாகத் துடைத்ததற்காக அவளிடம் பலமுறை வாங்கிக் கட்டிக்கொண்டவர். "அம்மா, அப்படித் தேய்க்காதீங்க, கோடு விழும்" என்றார் பதறிப்போய். விழட்டும் என்று அவள் தேய்த்துக்கொண்டே இருந்தாள்.

தையல்காரரின் நடை மெதுவாக வளைந்தது. வளைந்து திரும்பி, தையல் மிஷின் இருந்த திசைக்குப் போகாமல், அவளைச் சுற்றி வந்தார். மறுபடி சுற்றினார். அவள் ஓர் அடி நகர்ந்தாள், வட்டமும் ஓர் அடி நகர்ந்தது. ஸ்கூட்டர் பக்கத்தில் போனாள், அங்கேயும் வந்து சுற்றினார். இந்தச் சுழி அவள் கையால் போட்டது என்பதால் அப்படி இருக்கலாம். நிச்சயமாகச் சொல்ல முடியவில்லை. வட்டம் அதன் பிறகு பெரிதாகவும் இல்லை. "வராமப் போயிட்டான்னு சொன்னீங்களே, மீதி என்ன?" என்று அங்கேயே கேட்டாள். "வராமப் போயிட்டா நீ தேடி வருவியான்னு கேக்க வந்தேன்" என்றார், ஒரே சுற்றில், முழு வாக்கியமாக. அவள் ஸ்கூட்டரை நாத்தனாரிடமே விட்டுவிட்டு, அவர் சுற்றச் சுற்ற அவ்வளவு தூரமும் நடந்தே வீடு வந்து சேர்ந்தாள்.

அது நடந்து பல வருடங்கள் ஆகின்றன. தையல்காரர் இப்போது கையால் தைக்கிற வேலைகளை மட்டும் எடுத்துக்கொள்கிறார். பட்டன், காஜா, ஓரம் மடிப்பது எல்லாம் நடந்தபடியே முடிந்துவிடுகிறது. பாலிஷ்காரிக்கு ஒரு நிமிஷம் தனியாக நிற்க வழியில்லை. தலை சுத்துது, கொஞ்சம் மெதுவாப் போங்க என்று அவள் சலித்துக்கொள்வதும், நீ வேணா கண்ணை மூடிக்கோ என்று அவர் சொல்வதும் ஷெட்டில் கேட்டபடி இருக்கும். நாத்தனார் கல்யாணமாகிப் போய்விட்டாள். அவள் எப்போதாவது வந்தால் வட்டத்தைத் தாண்டி உள்ளே போய் அண்ணியோடு பேசிவிட்டுப் போகிறாள். காரைக் கொண்டுவருபவர்கள் அவரைப் பற்றி எதுவும் விசாரிப்பதில்லை. முன்பு சுவரை ஒட்டி நிறுத்துவார்கள். இப்போது ஓர் ஆள் தோள் இடிக்காமல் நடக்கிற அளவுக்கு நாலு பக்கமும் இடம் விட்டு நிறுத்திவிட்டு, சாவியை அவளிடம் கொடுத்துவிட்டுப் போகிறார்கள்.